நேரமும் கருந்துளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு பற்றிப் பேச்சு எழுந்தால் அதே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் சொன்ன சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன: "நேரம்" என்று சொல்லிவிட்டு, அது யாருடைய கடிகாரம் காட்டும் நேரம் என்று சொல்லாமல் விடுவது. கீழே எந்தப் பதிலைப் படித்தாலும் "யார் கடிகாரம்?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றைச் சுட்டுவதால் எண் போட்டிருக்கிறோம்.

1. இயற்பியல்ல நேரம்னா என்ன? கடிகாரம் காட்டுறதுதான் நேரமா?

ஆமாம், அளந்து பார்க்கும் வேலைக்கு அந்த வரையறை போதும். சீசியம்-133 அணு உமிழும் ஒரு குறிப்பிட்ட நுண்ணலை 9,192,631,770 முறை அதிரும் நேரம்தான் ஒரு விநாடி. 1967 முதல் உலகம் முழுக்க இதுதான் அளவு.

கடிகாரம் என்றால் சுவரில் மாட்டியது மட்டுமல்ல. இதயத் துடிப்பு, கதிரியக்கச் சிதைவு, மெழுகுவர்த்தி எரிவது எல்லாமே கடிகாரம்தான். ஓரிடத்தில் இவற்றில் ஒன்று மட்டும் மெதுவானால் கருவியில் கோளாறு. எல்லாமே ஒரே விகிதத்தில் மெதுவானால் அங்கே நேரமே மெதுவாகிறது என்று பொருள். ஊசல் கடிகாரத்தை நிலாவுக்குக் கொண்டுபோனால் அது மெதுவாக ஆடும். அதைப் பார்த்து "ஈர்ப்பு நேரத்தை மாற்றுகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. ஊசலை இழுக்கும் விசை குறைந்ததால் வந்த விளைவு அது; பக்கத்தில் இருக்கும் கைக்கடிகாரம் அப்படி ஆவதில்லை.

2. நேரம் மெதுவாகும்னு சொல்றாங்களே, அது நடக்கிறவனுக்குத் தெரியுமா?

தெரியாது. அவரவர் கடிகாரம் அவரவருக்கு எப்போதும் விநாடிக்கு ஒரு விநாடிதான் ஓடும். மூச்சு, பசி, தூக்கம் எதிலும் வித்தியாசம் இராது. பிரிந்துபோன இரண்டு கடிகாரங்களைத் திரும்பக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்று குறைவாக ஓடியது தெரியும். இதைக் கால நீட்சி என்கிறோம்.

காரணம் இரண்டு. ஒன்று வேகம் (1905, சிறப்புச் சார்பியல்). இன்னொன்று ஈர்ப்பு (1915, பொதுச் சார்பியல்): தாழ்வான இடத்துக் கடிகாரம் உயரத்தில் இருப்பதைவிட மெதுவாக ஓடும். அன்றாட அளவில் இரண்டுமே மிகச் சிறியவை. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 10 மணி நேரம் பறந்தால் வேகத்தால் மட்டும் குறைவது 12 நானோ விநாடி. 1 கி.மீ. உயரமான மலையில் ஒரு நாள் இருந்தால் கூடுவது 9 நானோ விநாடி.

3. இதுக்கு ஆதாரம் இருக்கா, இல்ல கணக்குல மட்டும்தானா?

நிறைய இருக்கிறது. 1971இல் ஹாஃபெலும் கீட்டிங்கும் சீசியம் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கு நோக்கிப் போனவை சுமார் 59 நானோ விநாடி இழந்தன. மேற்கு நோக்கிப் போனவை சுமார் 273 நானோ விநாடி கூடின. திசை மாறினால் விடை மாறுவது ஏன்? பூமியும் கிழக்கு நோக்கித்தான் சுழல்கிறது. கிழக்கே போகும் விமானத்தின் வேகம் அந்தச் சுழற்சியோடு கூடுகிறது, மேற்கே போவதன் வேகம் கழிகிறது. உயரத்தால் வரும் கூடுதல் இரண்டுக்கும் பொது.

வேகத்துக்கு இன்னும் அழுத்தமான சாட்சி மியூவான். காற்றுமண்டலத்தில் சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் இந்தத் துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளிவேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனால் அவை தரைக்கு வந்து கருவிகளில் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒளிவேகத்தின் 99.9 விழுக்காட்டில் கால நீட்சி 22 மடங்கு. 660 மீட்டரை 22ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 15 கி.மீ. கணக்கு நேராகிறது. ஈர்ப்பின் பக்கம், 2010இல் இரண்டு அணுக்கடிகாரங்களில் ஒன்றை 33 செ.மீ. உயர்த்தி வைத்தே வேறுபாட்டை அளந்துவிட்டார்கள். 2022இல் அது ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாடு வரை வந்துவிட்டது.

4. ரெண்டு பேருமே அடுத்தவன் கடிகாரம்தான் மெதுவுன்னு சொன்னா, இரட்டையர்ல யாருக்கு வயசு குறையும்?

போய்த் திரும்பியவருக்கு. 4 ஒளியாண்டு தொலைவுக்கு ஒளிவேகத்தின் 80 விழுக்காட்டில் போய், உடனே திரும்பி வந்தால், வீட்டில் இருந்தவருக்கு 10 ஆண்டும் பயணிக்கு 6 ஆண்டும் ஓடியிருக்கும்.

சூத்திரத்தை நம்ப வேண்டாம், எண்ணியே பார்க்கலாம். இருவரும் தத்தம் பிறந்தநாளில் ஓர் ஒளிவெட்டு, அதாவது ஒரு பளிச்சொளி, அனுப்புவதாக வையுங்கள். இந்த வேகத்தில் விலகிப் போகும்போது வெட்டுகள் 3 ஆண்டுக்கு ஒன்றாகவும், நெருங்கி வரும்போது ஆண்டுக்கு 3 ஆகவும் வந்து சேரும். பயணிக்குப் போக 3 ஆண்டு, வர 3 ஆண்டு: போகையில் 1, வருகையில் 9, மொத்தம் 10 வெட்டுகள். வீட்டில் இருப்பவரின் நிலை வேறு. பயணி திரும்பியது 5ஆம் ஆண்டில் நடந்தாலும் அந்த ஒளி 4 ஆண்டு பயணம் செய்து 9ஆம் ஆண்டில்தான் வந்து சேர்கிறது. ஆகவே முதல் 9 ஆண்டில் 3, கடைசி ஓர் ஆண்டில் 3, மொத்தம் 6. ஒருவர் 10 எண்ணினார், மற்றவர் 6 எண்ணினார், எந்த முரணும் இல்லை. திரும்பியவர் யார் என்பதுதான் இருவருக்கும் உள்ள வேறுபாடு.

5. ஜிபிஎஸ்ஸுக்கு ஐன்ஸ்டைன் தேவைன்னு சொல்றது உண்மையா, மிகைப்படுத்தலா?

திருத்தம் உண்மை, அதன் பெயரில் சுற்றும் ஒரு வாக்கியம்தான் மிகை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 3.9 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். உயரத்தால் 45 முந்தும். நிகரம் 38 மைக்ரோ விநாடி. அதனால் 10.23 மெகாஹெர்ட்ஸ் ஓட வேண்டிய கடிகாரத்தைத் தரையில் வைத்தே 10.22999999543 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து ஏவுகிறார்கள். 1977இல் ஏவப்பட்ட என்டிஎஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளில் இந்தத் திருத்தத்தை முதல் 20 நாள் அணைத்துவைத்தே ஓடவிட்டார்கள். கணித்த அளவுக்கு மிக நெருக்கமாகக் கடிகாரம் முந்தியது. பிறகுதான் திருத்தத்தைப் போட்டார்கள்.

"சார்பியல் இல்லாவிட்டால் நாளுக்கு 11 கி.மீ. வழிதவறும்" என்ற வாக்கியம் 38 மைக்ரோ விநாடியை ஒளிவேகத்தால் பெருக்கி வந்தது. ஆனால் எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அளவு முந்தினால் அந்தப் பிழையின் பெரும்பகுதியை நம் கையிலுள்ள ஜிபிஎஸ் அலைவாங்கி தன் சொந்தக் கடிகாரப் பிழையோடு சேர்த்தே தீர்த்துவிடும். உண்மையில் நெருக்கடி தருவது கோளுக்குக் கோள் மாறுபடும் பகுதி. பாதை சற்றே நீள்வட்டமாக இருப்பதால் கோள் தாழ்ந்து வேகமெடுக்கும்போது கடிகாரம் பின்தங்கி, உயரும்போது முந்துகிறது. மையப்பிறழ்ச்சி (பாதை வட்டத்திலிருந்து விலகும் அளவு) 0.01 இருந்தாலே இந்த ஊசலாட்டம் 23 நானோ விநாடி, அதாவது 7 மீட்டர். இதை ஏவும்போதே சரிசெய்ய முடியாது. கையில் இருக்கும் அலைவாங்கிதான் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுக் கழிக்கிறது.

6. விண்வெளி நிலையத்துல இருந்தா வயசு குறையுமா?

ஆறு மாதத்துக்குச் சுமார் 4.5 மில்லி விநாடி. அது 400 கி.மீ. உயரத்தில்தான் பறக்கிறது, அதனால் வேகத்தின் விளைவு ஈர்ப்பின் விளைவை வென்றுவிடுகிறது. வட்டப்பாதையில் இரண்டும் சமமாவது சுமார் 3,200 கி.மீ. உயரத்தில். அதற்குக் கீழே சுற்றினால் இளமை, மேலே சுற்றினால் முதுமை.

7. கருந்துளைனா ஓட்டையா? பக்கத்துல இருக்கிற எல்லாத்தையும் உறிஞ்சிடுமா?

ஓட்டை இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. ஒளிகூடத் திரும்பி வர முடியாத அளவுக்கு நிறை ஒடுங்கிய பகுதி அது. அந்தப் பகுதியின் விளிம்பு நிகழ்வெல்லை. சுழலாத கருந்துளைக்கு அதன் ஆரம் ஒரு சூரிய நிறைக்கு ஏறக்குறைய 3 கி.மீ.; 10 சூரியன் என்றால் 30 கி.மீ. பூமியை அப்படி ஒடுக்கினால் ஆரம் 9 மி.மீ. தான். 1916இல் கார்ல் சுவார்ட்ஸ்சைல்ட் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து எடுத்த அளவு இது.

சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால் பூமியின் பாதை இம்மியும் மாறாது. இருட்டும் குளிரும் வரும், அவ்வளவுதான். ஆபத்து மிக அருகில்தான்: எல்லை ஆரத்தின் 3 மடங்குக்குள் நிலையான வட்டப்பாதை கிடையாது, ஒரு தட்டு தட்டினால் உள்ளே சரிய வேண்டியதுதான். 1.5 மடங்கில் ஒளியே வட்டமாகச் சுற்றும்.

8. அப்போ சூரியன் ஒரு நாள் கருந்துளை ஆகுமா?

ஆகாது, நிறை போதாது. எரிபொருள் தீர்ந்த விண்மீனின் கருவில் 1.4 சூரிய நிறைக்குக் குறைவாக எஞ்சினால் அது வெண்குறுமீனாக நின்றுவிடும். இந்த வரம்பைக் கண்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். அதைத் தாண்டினால் நியூட்ரான் விண்மீன். அதற்கும் 2 சூரிய நிறைக்குச் சற்று மேலே ஒரு வரம்பு உண்டு. அதையும் தாண்டிய கருவைத் தாங்கிப் பிடிக்க எந்த அழுத்தமும் இல்லை. அப்படிச் சரிவது எப்படி இருக்கும் என்பதை 1939இலேயே ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

9. கருந்துளை பக்கத்துல நேரம் எவ்வளவு மெதுவாகும்? எண்ணாச் சொல்லுங்க.

ஓரிடத்தில் அசையாமல் நிற்பவருக்குக் கணக்கு எளிது. எல்லை ஆரத்தை உங்கள் ஆரத்தால் வகுங்கள், விடையை 1-இலிருந்து கழியுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். தொலைவில் 24 மணி நேரம் ஓடும்போது, எல்லை ஆரத்தின் 10 மடங்கில் நிற்பவர் கடிகாரம் 22 மணி 46 நிமிடம் ஓடும். 2 மடங்கில் 16 மணி 58 நிமிடம். 1.1 மடங்கில் 7 மணி 14 நிமிடம். 1.01 மடங்கில் 2 மணி 23 நிமிடம். கவனியுங்கள், 10 மடங்கு அருகே வந்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மாற்றமெல்லாம் கடைசி விளிம்பில்தான்.

கணக்கில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இங்கே ஆரம் என்பது நாடா பிடித்து மையம் வரை அளந்தது அல்ல. வட்டத்தின் சுற்றளவை அளந்து, 2π-ஆல் வகுத்து வருவது. வளைந்த வெளியில் இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று, அசையாமல் நிற்பதற்கு எஞ்சின் வேண்டும். 10 சூரிய நிறைக் கருந்துளையின் 1.1 மடங்கில் நிற்கத் தேவைப்படும் உந்துதல் பூமி ஈர்ப்பைப் போல 40,000 கோடி மடங்கு. எம்87 விண்மீன் திரளின் நடுவிலுள்ள 650 கோடி சூரிய நிறைக் கருந்துளைக்கு அதே இடத்தில் 650 மடங்குதான். பெரிய கருந்துளை விளிம்பில் மென்மையானது. இது 12ஆம் கேள்வியிலும் உதவும்.

10. அங்க ஒரு மணி நேரம், இங்க ஏழு வருஷம்னு படத்துல காட்டுறாங்களே, சாத்தியமா?

ஒரு மணிக்கு 7 ஆண்டு என்றால் விகிதம் சுமார் 61,000. சுழலாத கருந்துளையின் நிலையான வட்டப்பாதையில் கிடைக்கும் அதிகபட்சம் வெறும் 1.41. ஏனென்றால் 3 மடங்குக்கு உள்ளே பாதையே இல்லை (கேள்வி 7). எஞ்சின் போட்டு நிற்பதாக இருந்தால், 10 கோடி சூரிய நிறைக் கருந்துளையின் 29.5 கோடி கி.மீ. ஆரத்துக்கு மேலே, ஆரக் கணக்கில் 80 மீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும்.

கருந்துளை சுழன்றால் கதை மாறும். 1963இல் ராய் கெர் கண்ட தீர்வின்படி, சுழற்சி கூடக்கூட அதே திசையில் சுற்றும் நிலையான பாதை எல்லையை நோக்கி நெருங்கி வரும். அப்போது 61,000 கிடைக்கும், ஆனால் சுழற்சி அதன் உச்ச வரம்புக்கு நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குள் இருக்க வேண்டும். வாயுவை விழுங்கி வளரும் கருந்துளை உச்சத்தின் 0.998 பங்கில் நின்றுவிடும் என்று 1974இல் கிப் தோர்ன் காட்டினார். சமன்பாடு தடுக்கவில்லை, இயற்கை அங்கே கொண்டுபோய் விடும் வழிதான் தெரியவில்லை.

11. உள்ள விழுறவனுக்கு நேரம் நின்னுடுமா?

நிற்காது. இங்கேதான் "யார் கடிகாரம்?" என்ற கேள்வி உயிர்நாடி. விழுபவரின் சொந்தக் கடிகாரத்தில் எல்லையைக் கடக்கும் கணம் வேறு எந்தக் கணத்தையும் போன்றதுதான். பலகையும் இராது, சுவரும் இராது. பால்வீதியின் நடுவிலுள்ள சஜிட்டேரியஸ் ஏ* சுமார் 43 லட்சம் சூரிய நிறை. தொலைவிலிருந்து தானாக விழுந்தவருக்கு அதன் எல்லையிலிருந்து நடு வரை 28 விநாடி. எம்87இல் சுமார் 12 மணி நேரம்.

எஞ்சினைப் போட்டு இதை நீட்டலாமா? ஓரளவுக்குத்தான். சுழலாத கருந்துளைக்குள் எவர் என்ன செய்தாலும் தாண்ட முடியாத உச்சம் ஒரு சூரிய நிறைக்கு 15.5 மைக்ரோ விநாடி. சஜிட்டேரியஸ் ஏ*வுக்கு 67 விநாடி. எல்லைக்குள் ஆரம் குறைவது இடத்தை நோக்கிய நகர்வு அல்ல, நாளையை நோக்கிய நகர்வு. நாளை வராமல் இருக்க நீங்கள் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? கண்மண் தெரியாமல் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் முடிவு இன்னும் சீக்கிரம் வரும்.

12. உடம்பு நூடுல்ஸ் மாதிரி இழுபடும்னு சொல்றாங்களே?

எந்தக் கருந்துளை என்பதைப் பொறுத்தது. காலுக்கும் தலைக்கும் ஈர்ப்பு வேறுபடுவதுதான் இழுக்கிறது. கடலில் ஓதம் எழுவதும் இதே காரணத்தால்தான். 10 சூரிய நிறைக் கருந்துளைக்கு 3,800 கி.மீ. தொலைவிலேயே இரண்டு மீட்டர் உடலின் இரு முனைக்கும் இடையே பூமி ஈர்ப்பைப்போல 10 மடங்கு வேறுபாடு வந்துவிடும். எல்லை 30 கி.மீ. என்பதால் அதைப் பார்க்கவே உயிரோடு போக முடியாது. சஜிட்டேரியஸ் ஏ*வின் எல்லையில் அதே வேறுபாடு பூமி ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கடந்ததே தெரியாது.

13. வெளியில இருந்து பார்த்தா விழுறவன் எல்லையிலேயே உறைஞ்சு நிப்பான்னா, கருந்துளை எப்படித்தான் வளரும்?

இந்தத் தொகுப்பிலேயே மிக நல்ல கேள்வி இதுதான். பதிலுக்கு முன் உறைவதைக் கிட்டத்தில் பார்ப்போம். விழுபவர் கையில் 450 நானோமீட்டர் நீல விளக்கு, அவர் கடிகாரப்படி விநாடிக்கு ஓர் ஒளிவெட்டு. விழும் இடம் சஜிட்டேரியஸ் ஏ*. எல்லைக்கு மிக அருகில் போனதும், நம் கடிகாரத்தில் ஒவ்வொரு 85 விநாடிக்கும் வந்துசேரும் ஒளியின் அலைநீளம் 2.7 மடங்கு நீள்கிறது. முதல் 85 விநாடியில் நீலம் 1,220 நானோமீட்டர் ஆகி அகச்சிவப்புக்குள் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. 14 நிமிடத்தில் அது ஒரு சென்டிமீட்டர் நுண்ணலை. ஒளிவெட்டுகளுக்கு இடையே உள்ள நேரமும் அதே விகிதத்தில் நீளும். எல்லைக்கு வெளியே அவர் அனுப்பிய வெட்டுகள் எண்ணிக்கையில் அடங்கியவை என்பதால் கடைசி வெட்டு என்று ஒன்று உண்டு. அதற்குப் பிறகு எதுவும் வராது. ஆக, உறைந்த சிலை ஒன்று அங்கே நிரந்தரமாகத் தெரிவதில்லை. படம் மங்கி அணைந்துவிடுகிறது. 10 சூரிய நிறையில் இந்த மங்கலுக்கு 0.2 மில்லி விநாடியே போதும்.

உறைவது ஆளல்ல, அவரிடமிருந்து வரும் ஒளிதான். அவர் கடந்து போய்விட்டார் (கேள்வி 11). வளர்ச்சியைப் பொறுத்தவரை, விழும் பொருளுக்கும் நிறை உண்டு. அது உங்கள் பாதைக்கு உட்புறம் வந்த கணத்திலிருந்தே நீங்கள் உணரும் ஈர்ப்பில் அது சேர்ந்துவிடுகிறது. எல்லையும் பழைய இடத்தில் காத்துக்கொண்டிருப்பதில்லை, வரும் நிறைக்கேற்ப வெளியே பெருக்கிறது.

இதைக் காதால் கேட்டதற்கு ஒப்பான சான்று 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ ஆய்வுக்கருவி பிடித்த ஈர்ப்பு அலை (வெளியிலேயே பரவும் அதிர்வு). 36, 29 சூரிய நிறைக் கருந்துளைகள் இரண்டு சேர்ந்து 62 ஆயின. மீதி 3 சூரிய நிறை அலையாகப் போனது. இரண்டும் உறைந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கவில்லை. அடித்த மணியின் ஒலி தேய்வதுபோலச் சில மில்லி விநாடியில் அலை அடங்கி ஒரே கருந்துளை ஆனது. அப்படித்தான் அடங்கும் என்று 1970இலேயே கணக்கிட்டவர் சி. வி. விஸ்வேஸ்வரா.

14. ஒளியே வெளிய வராதுன்னா படம் எப்படி எடுத்தாங்க?

படத்தில் இருப்பது எல்லைக்கு வெளியே சுழலும் சூடான வாயுவின் ஒளி. நடுவில் கருப்பாகத் தெரிவது நிழல். ஒளி வளைவதால் அந்த நிழலின் விட்டம் எல்லை விட்டத்தைப்போல 2.6 மடங்கு. பூமியின் பல மூலைகளில் உள்ள வானொலித் தொலைநோக்கிகளை அணுக்கடிகாரங்களால் ஒத்திசைத்து, 1.3 மி.மீ. அலைநீளத்தில் 2017இல் பதிவுசெய்தார்கள். எம்87 படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியானது.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ*வின் படம் 2022 மே 12 வரை தாமதமானதற்கு நேரம்தான் காரணம். எம்87இல் வாயு ஒரு சுற்றுக்கு நாட்கணக்கில் எடுக்கும். ஓர் இரவு முழுக்கப் பதிந்தாலும் காட்சி மாறாது. சஜிட்டேரியஸ் ஏ*வில் நிமிடக்கணக்கு. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பொருள் ஓடிவிடுகிறது. அங்கே நேரம் மெதுவாவதை வேறு வழியில் முன்பே அளந்துவிட்டார்கள்: 16 ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றும் எஸ்2 விண்மீன் 2018 மே மாதம் மிக அருகில், விநாடிக்கு 7,600 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் போனபோது, அதன் ஒளி சார்பியல் சொன்ன அளவுக்கே சிவப்புப் பக்கம் நகர்ந்தது.

15. நேரம் ஏன் முன்னாடி மட்டும் போகுது? கருந்துளைக்கு இதுல பங்கு உண்டா?

அணுக்கள் மோதும் விதிகளை முன்னும் பின்னும் ஓட்டினாலும் அவை பொருந்தும். திசை வருவது கூட்டத்திலிருந்து. கலைந்திருக்கும் வழிகள் ஏராளம், அடுக்கியிருக்கும் வழிகள் சில. அதனால் தனித்து விடப்பட்ட எதுவும் கலைவை நோக்கியே போகிறது. இந்தக் கலைவின் அளவுக்குப் பெயர் எண்ட்ரோப்பி.

கருந்துளைக்குள் எண்ட்ரோப்பியைக் கொட்டி மறைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. குவாண்டம் விளைவுகளைச் சேர்க்காத கணக்கில் நிகழ்வெல்லையின் பரப்பு குறையாது என்று 1971இல் ஸ்டீவன் ஹாக்கிங் நிறுவினார். அந்தப் பரப்பேதான் எண்ட்ரோப்பி என்று அடுத்த ஓரிரு ஆண்டில் பெக்கன்ஸ்டைன் சொன்னார். சூரியனின் எண்ட்ரோப்பி சுமார் 10⁵⁸; அதே நிறைக் கருந்துளையினுடையது சுமார் 10⁷⁷. பரப்பு குறையாது என்பதை 2015ஆம் ஆண்டு அலையின் தரவைக் கொண்டே 2021இல் சரிபார்த்தார்கள்.

16. ஹாக்கிங் கதிர்வீச்சுல கருந்துளை ஆவியாயிடும்னா, விழுறவன் எல்லைக்குப் போறதுக்கு முன்னாடியே அது காணாமப் போயிடாதா?

போகாது. குவாண்டம் விளைவால் கருந்துளை மெல்ல வெளியிடும் வெப்பக் கதிர்வீச்சைத்தான் ஹாக்கிங் கதிர்வீச்சு என்கிறோம். முதலில் அளவு. ஒரு சூரிய நிறைக் கருந்துளையின் வெப்பநிலை கெல்வினில் ஒரு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆவியாக 10⁶⁷ ஆண்டு. இன்று அண்டத்தை நிரப்பியிருக்கும், பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியே 2.7 கெல்வின் என்பதால், அது இழப்பதைவிட வாங்குவதே அதிகம். பின்னணியை வென்று இன்றே சுருங்க வேண்டுமானால் நிறை நிலாவின் 60 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும்.

இப்போது முரண். "வெளியே முடிவற்ற நேரம் ஆகும், அதற்குள் கருந்துளை தீர்ந்துவிடும்" என்ற வாதம், வந்துசேரும் ஒளியின் தாமதத்தை நிகழ்ச்சியின் தாமதமாக எடுத்துக்கொள்கிறது. கேள்வி 13இன் விளக்கை நினைவில் வையுங்கள்: கடைசி ஒளிவெட்டு எப்போது நமக்கு வந்தது என்பது அவர் எப்போது கடந்தார் என்பதைச் சொல்வதில்லை. அவர் கடிகாரத்தில் கடக்கும் கணம் ஒன்று உண்டு. அப்போது கருந்துளை அங்கே முழு நிறையோடு இருக்கிறது. விழும்போது எதிர்கால அண்டம் முழுவதையும் விரைவாக ஓட்டிப் பார்ப்பார் என்பதும் இதே தவறுதான். தானாக விழுபவருக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி சிவப்பாகத்தான் நீளும். அவர் பார்க்கும் வெளியுலக வரலாறு ஓரிடத்தில் அறுபடும்.

17. கடந்த காலத்துக்குப் போக முடியுமா?

எதிர்காலத்துக்கு முடியும், கேள்வி 4 அதுதான். பின்னோக்கி, 1949இல் கர்ட் கோடல் கண்ட சுழலும் அண்டத்தில் பாதை உண்டு. நம் அண்டம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. புழுத்துளை (வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி) வழி என்றால் அதைத் திறந்து வைக்க எதிர்மறை ஆற்றல் பெருமளவில் வேண்டும். இயற்கை இதை எப்போதும் தடுத்துவிடும் என்பது 1992இல் ஹாக்கிங் வைத்த கருத்து. அது இன்னும் நிறுவப்படவில்லை.

18. நடுவுல இருக்கிற ஒருமைப் புள்ளியில நேரம் முடிஞ்சிடுதா?

"நடுவில்" என்ற சொல்லில்தான் சிக்கல். ஒருமைப் புள்ளி என்பது சமன்பாடுகளின் கணக்கு அறுந்துபோகும் முனை. சுழலாத கருந்துளையில் அது ஓர் இடம் அல்ல, ஒரு கணம். கேள்வி 11இல் சொன்னதுபோல உள்ளே ஆரம் என்பதே காலத்தின் திசையாகிவிடுவதால், அது உங்களுக்கு முன்னால் எங்கோ கிடக்கும் பொருளாக இராது, வரப்போகும் நேரமாக இருக்கும். அதனால் விழுபவர் அதை ஒருபோதும் பார்க்கவும் முடியாது. நாளையிலிருந்து ஒளி இன்றைக்கு வருவதில்லை.

1965இல் ரோஜர் பென்ரோஸ் நிறுவியதைப் பலர் "அடர்த்தி முடிவிலி ஆகும்" என்று சொல்கிறார்கள். அவர் நிறுவியது வேறு. ஒளியை வெளியே விடாத பரப்பு ஒன்று உருவாகிவிட்டால், உள்ளே குறைந்தது ஒரு பாதையாவது மேலே தொடர முடியாமல் அறுபடும் என்பதே அது. அமல் குமார் ராய்சௌத்ரி 1955இல் எழுதிய சமன்பாடு அந்த நிறுவலின் முதுகெலும்பு. பென்ரோஸுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். பாதை அறுபடுகிறது என்றால் அங்கே பொதுச் சார்பியலின் கணக்கு நிற்கிறது. வளைவு 10⁻³⁵ மீட்டர் அளவுக்கு இறுகும்போது குவாண்டம் விதிகளைச் சேர்க்காமல் அந்தச் சமன்பாடுகளை நம்ப முடியாது. சஜிட்டேரியஸ் ஏ*வுக்குள் விழுந்தவரின் 28 விநாடியில் கடைசி நுண்துளியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நம்மிடம் கணக்கு இருக்கிறது. அந்தத் துளிக்குத்தான் இல்லை.